மறுகா தாறன்

கொக்கட்டிச்சோலையில் ஒரு தண்ணீர்ப் பம்பைத்
திருத்திக் கொடுத்த கூலி
அறுபத்து மூன்று விளாம்பழம்.
"காசு மறுகா தாறன்" என்றார் சாமித்தம்பி.
உரப்பையின் வாயைத் தானே கட்டினார்,
மோட்டார் சைக்கிளில் தானே ஏற்றியும் விட்டார்.
மண்முனைப் பாலம் தாண்டும்வரை
ஒவ்வொரு குழிக்கும் பழங்கள் ஒன்றையொன்று முட்டி
கட்டைக் குரலில் என்னவோ சொல்லிக்கொண்டு வந்தன.

சுகிர்தா பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
லைற் பில்லை எடுத்துப்
பையின் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

நான்கு நாள்.
வீட்டில் பேசியது விளாம்பழம் மட்டும்தான்.
முதலில் மெதுவாய், சாக்கின் ஓரத்தில்;
பிறகு அலுமாரிக்குள், மடித்த சேட்டுக்குள், தலையணையில்.
நான்காம் நாள் தபால்காரர் கேற்றில் நின்றபடியே
"என்ன, பழுத்திற்றோ?" என்று கேட்டார்.

ஐந்தாம் நாள் விடிய முன்னம்
பின்வாசல் படியில் ஓடு உடையும் சத்தம்.
பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல் குசினியில்
மூன்று வருடம் நின்றவள் அவள்.
வெள்ளைக்காரர் அப்பிளைக் காய்ச்சி
அதற்குப் பட்டர் என்று பெயர் வைப்பார்களாம்,
ஒரு சொட்டுப் பால் இல்லாமல்.
எருமைத் தயிர்ச் சட்டி அடுக்கி விற்கிற எங்கள் றோட்டில்
இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள்.

சதையைச் சுரண்டிச் சுடுதண்ணீர் விட்டுப் பிசைந்து
அரிதட்டில் தேய்த்தாள், தேய்த்தாள்,
விதையும் நாரும் மேலே தங்க
கீழே இறங்கியது
உழுத வயலின் முதல் சேறு.
சேற்றைக் கண்டால் எனக்கு
எந்த வடி அடைத்தது என்றுதான் யோசனை போகும்.
வாயை மூடிக்கொண்டு விறகு பிளந்தேன்.

கறுவாப் பட்டை மூன்று விரல் நீளம்,
கராம்பு ஏழு, ஏலம் நாலு.
சாதிக்காயைச் சீவக் கத்தி மறுத்தது.
இரும்பறுக்கும் வாளில் ஒரு புதுத் தகடு எடுத்துக்
கழுவித் துடைத்து நீட்டினேன்.
வாங்கிக்கொண்டாள்.
அவ்வளவுதான்.

சீனி கரைந்ததும் தாச்சி துப்பத் தொடங்கியது.
கொதிக்கிற பழத்துக்குக் குறி தவறாது;
அவள் மணிக்கட்டில் ஒன்று, முழங்கையில் ஒன்று.
"பிடிங்க."
நான்கு நாளில் முதல் சொல்.
அகப்பை என் கைக்கு வந்தது.
"நடுவுல சுத்தாதீங்க, அடி முட்டக் கிண்டுங்க."
கிண்டினேன்.
"நெருப்பை இழுங்க."
இழுத்தேன்.
கைக்குக் கை மாறி அகப்பைக் காம்பு
இருவர் வியர்வையிலும் வழுக்கியது.
மத்தியானம் போனது தெரியவில்லை.

பிரிட்ஜில் குளிரவைத்த சோசரில்
ஒரு கரண்டி விட்டுப் பார்க்க வேண்டும்:
சுற்றிவரத் தண்ணீர் கசிந்தால் இன்னும் ஆகவில்லை.
மூன்று முறை கசிந்தது.
நாலாவது முறை இரண்டு தலையும்
ஒரு சோசருக்கு மேல் குனிந்திருந்தன.
கசியவில்லை.
கரும்பழுப்பாய், மினுங்கிக்கொண்டு,
வைத்த இடத்தில் குந்தியிருந்தது.

விரலால் வழித்து நக்கினேன்.
"புளிக்குது."
"பம்புத் தண்ணி குடிக்கிற நாக்குக்கு அப்படித்தான்."
சிரித்தாளா என்று தெரியாது,
போத்தல் அவிக்கிற ஆவியில் முகம் மறைந்துவிட்டது.

பதினொரு போத்தல்.
களுவாஞ்சிகுடி பேக்கரிக்காரர் ஆறு எடுத்தார், கைக்காசு.
லைற் பில் பாதி கட்டியாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சாமித்தம்பி வந்தார்.
பம்பு திரும்பவும் இருமுதாம்.
வாட்டின பாணில் பூசிக் கொடுத்தோம்.
முதல் துண்டுக்குக் கண்ணை மூடினார்,
நாலாவது துண்டுக்குப் பிறகுதான் திறந்தார்.
"இது என்ன சாமான் மனே?"
"உங்கட காசு" என்று சொல்ல வாய் வந்தது.
அதற்குள் ஒரு போத்தலைத் தூக்கி
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
மடியில் வைத்துக்கொண்டார்.
"மகளுக்கு. காசு மறுகா தாறன்."

நான் சுகிர்தாவைப் பார்க்கவில்லை.
கலண்டரில் பேனை கீறுகிற சத்தம் கேட்டது:
சாமித்தம்பி. பம்பு ஒண்டு. போத்தல் ஒண்டு.

அவர் கேற்றைத் திறக்கும்போது கூப்பிட்டாள்,
"அண்ணே, வரக்குள்ள
இன்னொரு சாக்குப் பழம் கொண்டாங்க.
அந்தப் போத்தலையும்."